மூன்று மலை உயரத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள கயல்,

உன் முதலாளியின் தாயாரைச் சிங்கப்பூரிலிருந்து தனி ஜெட்டில் சென்னைக்குக் கூட்டிவந்து, அங்கிருந்து காரில் நம் திருவண்ணாமலைக்கு வரப்போவதாகச் சொன்னாய். "தனி விமானம்தானே மாமா, எல்லா வசதியும் இருக்கும்" என்றாய். இத்தனை வருஷம் மருந்துக் கவுண்டரில் நின்றவனுக்கு அந்தப் பேச்சுதான் உறுத்துகிறது.

விமானம் 40,000 அடியில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றிவைப்பார்கள். ஆனால் தரையளவுக்கு ஏற்றுவதில்லை. பெரும்பாலும் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக் காற்றுதான் உள்ளே. நம் ஊர் அண்ணாமலை மலை 2,668 அடி. அதுபோல் மூன்றை அடுக்கி, அதன் உச்சியில் அந்த அம்மாவை நாலு மணி நேரம் உட்கார வைக்கிறாய். தோல் இருக்கையும் பழச்சாறும் அதை மறைத்துவிடும். நல்ல உடம்புக்காரருக்கே ஆக்ஸிஜன் அளவு தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு இறங்கும். சர்க்கரை, பிரஷர், நெஞ்சில் ஸ்டென்ட் என்று இருப்பவருக்கு எவ்வளவு இறங்கினால் ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும் என்று அவருடைய இதய மருத்துவரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உன் சட்டைப் பையில் இருக்கட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரை நினைத்தபடி ஏற்ற முடியாது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேள்.

அந்த 8,000 அடிக் காற்றில், உடம்புக்குள் அடைபட்ட வாயு மூன்றில் ஒரு பங்கு விரியும். வயிறு உப்புசம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் விழித்திரை அறுவை செய்து கண்ணில் வாயுக் குமிழ் வைத்திருந்தால் அது கரையும்வரை பறக்கவே கூடாது. பெரியவர்கள் கண் ஆபரேஷனை ஒரு வியாதியாகவே சொல்ல மாட்டார்கள், நீயாகக் கேள்.

பெரிய விமானத்தில் இருநூறு பேர் இருப்பார்கள், "டாக்டர் யாராவது உண்டா?" என்று அறிவித்தால் ஒருவராவது எழுந்திருக்கக்கூடும். சிறு ஜெட்டில் சில சமயம் இரண்டு விமானிகளும் நீயும்தான். தரையிலிருக்கும் மருத்துவரோடு பேச செயற்கைக்கோள் போன் உண்டா, முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்கிறது, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருக்கிறதா என்று ஏறும் முன்பே கேள். வழியில் பெரும்பகுதி கடல். நெஞ்சு வலி என்று சொன்ன நிமிடமே விமானியிடம் சொல். கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருந்தால், இறங்கக்கூடிய விமான நிலையம் பின்னால் போய்விடும்.

இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சில சிறு ஜெட்களின் சரக்கறையில் சூடும் அழுத்தமும் இருக்காது. இன்சுலின் உறைந்தால் குப்பைதான். மாத்திரைகள் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் இருக்கட்டும். திரும்பிப் போகும்போது இங்கே வாங்கிய இருமல் மருந்தையோ தூக்க மாத்திரையையோ யோசிக்காமல் பையில் போடாதே. சிலவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும். கோடீன் கலந்தது அதில் ஒன்று.

சென்னையில் இறங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதே. இன்னும் 190 கிலோமீட்டர், நாலு மணி நேரம். விமானத்தில் மடக்கிய காலைக் காரிலும் மடக்கியே வைத்திருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். திண்டிவனத்திலும் செஞ்சியிலும் நிறுத்தி நடக்க வை, தண்ணீர் கொடு. விமானக் காற்று வறண்டது.

ஊருக்கு வந்ததும் அந்த அம்மா, பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். பாதம் மரத்துப்போன சர்க்கரைக்காரருக்கு முள் குத்தினாலும் தெரியாது. அன்று பாதையில் பொதுவாக வண்டியும் விடுவதில்லை. சாதாரண நாளில் காரில் சுற்றி, வழியிலுள்ள எட்டு லிங்கத்திலும் இறக்கிக் கும்பிட வைக்கலாம். இல்லை, நடந்தே தீருவேன் என்றால் துணிக் காலுறை, கொஞ்ச தூரம், இரவில் டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்ப்பது. ஏதாவது ஆனால் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது.

மருந்துகளின் கம்பெனிப் பெயர் வேண்டாம். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், மில்லிகிராம், நேரம் மூன்றையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுது. இங்கே எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று நான் பார்த்து வைக்கிறேன்.

உன்
மாமா