பால் குடித்த பத்து நாள்

1986 ஏப்ரலில் நாங்கள் கீவ் நகரத்தில் இருந்தோம். கணவருக்கு அங்கே ஆராய்ச்சிப் படிப்பு. எனக்கு நாலு மாதம். பிள்ளைத்தாய்ச்சி என்று பக்கத்து வீட்டம்மா எனக்காகவே சந்தையில் பால் வாங்கி வருவார். மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி, மேலே விரற்கடை ஆடை. 26ஆம் தேதி நள்ளிரவு தாண்டிச் செர்னோபில் நாலாவது உலை வெடித்தது. 28ஆம் தேதி இரவு டி.வி.யில் நாலு வரி வாசித்தார்கள். மே தின ஊர்வலம்கூட நடந்தது. ஜன்னலைச் சாத்துங்கள், புழுதியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று சொல்லக் கிட்டத்தட்ட பத்து நாள் ஆயிற்று. அதுவரை அந்தப் பாலைத்தான் குடித்தேன்.

உலையிலிருந்து கிளம்பிய கதிரியக்க அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குள் போய், பாலில் இறங்கும். தைராய்டுக்கு நல்ல அயோடின், கெட்ட அயோடின் பிரிக்கத் தெரியாது. மூன்றாம் மாதம் முடிந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் தைராய்டும் இழுக்கத் தொடங்கிவிடும். எட்டு நாளுக்கொருமுறை பாதியாகிற சரக்கு அது. நாலைந்து மாதத்தில் சுவடே இருக்காது. அயோடின் மாத்திரை உதவுவதும் அந்த முதல் சில நாள்தான். போலந்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உடனே கொடுத்தார்கள். நானோ பத்து வருஷம் கழித்து, யாரோ சொன்னார்கள் என்று கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்கினேன். வீண் செலவு. தைராய்டையே அது குழப்பிவிடக்கூடும் என்று பிறகு திட்டு வாங்கினேன்.

மகள் அக்டோபரில் மதுரையில் பிறந்தாள். எனக்கு 46 வயதில் கழுத்தில் கட்டி. "கழுத்துக்கு எப்போதாவது ரேடியேஷன் கொடுத்தார்களா?" என்று டாக்டர் கேட்க, இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போதுதான் உறைத்தது. மறுமுறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை வாரக் கர்ப்பம், பால் எவ்வளவு. நகலொன்று மகளின் ஃபைலில். அப்போது குழந்தைகளாக இருந்தவர்களிடம்தான் தைராய்டு புற்றுநோய் தெளிவாகக் கூடியது, வளர்ந்தவர்களிடம் அப்படியில்லை. ஆக, அந்தத் தாள் என்னைவிட அவளுக்குத்தான் வேண்டும்.

ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் சாதாரணக் கட்டி. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். மட்டும் ஏறியிருந்தது. டாக்டர் தைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாலால் வந்ததா என்று கேட்டேன். "எங்க அம்மாவுக்கும் தைராய்டு. அவங்க உசிலம்பட்டியைத் தாண்டினதில்லை" என்றார் டாக்டர். அன்றிலிருந்து கால்வலிக்கும் களைப்புக்கும் செர்னோபிலைத் திட்டுவதை நிறுத்தினேன்.

தைராக்சின் விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை: வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காப்பிக்கு ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. காலையில் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டதால் ஒரு வருஷம் அளவே சரியாகவில்லை. முடி உதிர்கிறதென்று சாப்பிடும் பயோட்டின் ரத்தப் பரிசோதனையையே ஏமாற்றும். இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுவேன்.

மகள் கர்ப்பமானபோது நாள் தள்ளிய வாரமே டி.எஸ்.எச். பார்த்தோம். சரியாக இருந்தது. நாலாம் மாதம் டம்ளரில் பால் கொண்டுபோய் நீட்டினேன்.

"இதையும் அந்தத் தாளில எழுதணுமாம்மா?" என்றாள்.