ஹோட்டலில் அடைத்துவைத்ததற்குக் கட்டிய காசு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். பிரித்தானியக் குடியுரிமை உள்ளவள். 2021 ஜூலையில் அப்பா யாழ்ப்பாணத்தில் காலமானார். போய் அந்தியேட்டி முடித்து, ஆகஸ்ட் 29ஆம் தேதி திரும்பி வந்தேன். இரண்டு தடுப்பூசியும் லண்டனிலேயே போட்டிருந்தேன். பரிசோதனையிலும் தொற்று இல்லை. அப்படியிருந்தும் ஹீத்ரோவிலிருந்து பஸ்ஸில் ஏற்றி ஒரு ஹோட்டலில் பத்து நாள் வைத்தார்கள். ஜன்னல் திறக்காத அறை. சாப்பாட்டைக் கடதாசிப் பையில் போட்டு வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டுப் போவார்கள். மச்சம் சாப்பிடாத நாள்களிலும் கோழிதான் வந்தது. காவலாளி ஒருவர் கூடவர, கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நடக்க விட்டார்கள். இதற்கு 2,285 பவுண் கட்டினேன்.

அக்டோபர் 20ஆம் தேதி அம்மாவை விசிட் விசாவில் கூப்பிட்டேன். அவ யாழ்ப்பாணத்தில் சினோபாம் இரண்டும் போட்டவ. அது இங்கே செல்லாது என்று சொல்லி வீட்டில் பத்து நாள் தனிமையில் இருக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள், எட்டாம் நாள் பரிசோதனைக்கென்று ஒரு தனியார் நிறுவனத்துக்கு என் கிரெடிட் கார்டில் 148 பவுண் கட்டினேன். எட்டாம் நாள் பொதி வரவேயில்லை. ஐந்து ஈமெயில் போட்டும் பதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஊசியை ஒரு நாடு மறுக்கலாமா? ஹோட்டல் காசைத் திரும்பக் கேட்க வழி உண்டா? இன்னொரு முறை இப்படி ஒரு நோய் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அப்பாவின் காரியம் முடித்த கையோடு பத்து நாள் தனி அறையில் கிடந்தது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இந்தக் கேள்வியோடு பல குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாரும் ஹோட்டல் காசையே பெரிதாகக் கேட்பார்கள், பரிசோதனைக் காசை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். சட்டத்தின் கண்ணில் அது தலைகீழ். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஹோட்டல். இலங்கையைக் கோவிட் காலத்துச் சிவப்புப் பட்டியலில், அதாவது வருபவர்கள் ஹோட்டலில் தனிமையில் இருக்க வேண்டிய நாடுகளின் பட்டியலில், சேர்க்கும் அறிவிப்பு 2021 ஜூன் 3ஆம் தேதி வந்தது. ஜூன் 8 அதிகாலை நாலு மணிக்கு நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 22இல்தான் எடுத்தார்கள். நீங்கள் வந்தது இடைப்பட்ட காலத்தில். அதோடு, ஆகஸ்ட் 12 வரை தனி ஆளுக்கு 1,750 பவுணாக இருந்த கட்டணம் அன்றிலிருந்து 2,285 ஆனது. மூன்று வாரம் முந்தி வந்திருந்தால் 535 பவுண் மிஞ்சியிருக்கும். அதைச் சொல்லி வழக்குப் போட முடியாது, ஆனால் உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது.

நான் தடுப்பூசி போட்டவள், என்னை எப்படி அடைக்கலாம் என்று கேட்கிறீர்கள். சிவப்புப் பட்டியல் நாட்டிலிருந்து வந்தவரிடம் இங்கிலாந்துச் சட்டம் தடுப்பூசியைப் பற்றிக் கேட்கவேயில்லை. எந்த ஊசி, எங்கே போட்டது என்ற கணக்கெல்லாம் மஞ்சள் பட்டியல் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான். சிவப்பு என்றால், கடந்த பத்து நாளில் அந்த மண்ணில் கால் வைத்தாரா என்ற ஒரே கேள்விதான். தடுப்பூசியை மீறும் புதிய திரிபு உள்ளே வந்துவிடக் கூடாது என்பதே அதற்கு அரசு சொன்ன காரணம். ஆகவே உங்கள் ஊசியை யாரும் நிராகரிக்கவில்லை. அது அந்த இடத்தில் கணக்கிலேயே இல்லை.

இது நியாயமா என்று நீதிமன்றத்திடம் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. முழுமையாகத் தடுப்பூசி போட்ட பயணிகள் சிலர், இது மனித உரிமை உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை தரும் தனிமனித சுதந்திரத்தை மீறுகிறது என்று லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 டிசம்பரில், வழக்கை நடத்துவதற்கான அனுமதியே மறுக்கப்பட்டது. அந்த 5ஆம் உறுப்புரையிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது: தொற்றுநோய் பரவுவதைத் தடுக்க ஒருவரைச் சட்டப்படி தடுத்துவைக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை நினைத்தபடி பயன்படுத்த முடியாது என்பதும் உண்மை. நோய் ஆபத்தானதாக இருக்க வேண்டும், தடுத்துவைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் ஸ்வீடனுக்கு எதிரான ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அது எச்.ஐ.வி. உள்ள ஒரே ஒரு மனிதரைப் பற்றிய வழக்கு. உலகமே முடங்கிக் கிடந்த ஒரு நேரத்தில், நாடு முழுவதற்குமான ஒரு விதியை அதே தராசில் வைத்து நிறுக்க இங்குள்ள நீதிபதிகள் முன்வரவில்லை.

உங்களைப் போலச் சிலர் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார விதிமுறைகள், 2005ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். அதன் 40ஆம் உறுப்புரை, பயணியைத் தனிமைப்படுத்துவதற்கு அரசு கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. குடியேற வருபவர்களுக்கு மட்டும் விலக்கு. நீங்கள் குடிமகளாகத் திரும்பி வந்தவர். வாசித்துப் பார்த்தால் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். 32ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போய், தனிமைப்படுத்தப்பட்டவருக்குப் போதிய உணவும் தண்ணீரும் தகுந்த தங்குமிடமும் தர வேண்டும், பயணிகளின் சமய, பண்பாட்டு விஷயங்களை மதிக்க வேண்டும் என்கிறது. விரத நாளில் வந்த கோழிச் சாப்பாட்டை நீங்கள் குறிப்பிட்டது வீண் முறைப்பாடு அல்ல.

ஆனாலும் அந்த விதிமுறை நாடுகளுக்கு இடையிலான உடன்பாடு. பாராளுமன்றம் சட்டமாக்கினால் ஒழிய, அதை மட்டும் காட்டி ஒரு தனிமனிதர் இங்கிலாந்து நீதிமன்றத்தில் காசு கேட்க முடியாது. உங்களிடம் பணம் வாங்கிய அதிகாரம் உள்நாட்டுச் சட்டத்திலிருந்து வந்தது: 1984ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார (நோய்க் கட்டுப்பாட்டு) சட்டம், அதன் 45பி பிரிவு, அதன் கீழ் வந்த 2021ஆம் ஆண்டுப் பயண ஒழுங்குவிதிகள். எழுதிய உடன்பாட்டை மீறிக் கட்டணம் வாங்கியதை நான் இன்றைக்கும் தவறு என்றே சொல்வேன். ஆனால் அந்தத் தவறுக்கு உங்கள் கையில் வழக்கு இல்லை.

அரசு சட்டவிரோதமாக வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று பிரபுக்கள் சபை 1992இல் தந்த தீர்ப்பு இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. ஆனால் முதலில் அந்த ஒழுங்குவிதி செல்லாது என்று ஆக வேண்டும். அது ஆகவில்லை. நீதித்துறை மீளாய்வுக்கு உச்சபட்சம் மூன்று மாதம், மனித உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குக்கு ஒரு வருடம். இரண்டும் எப்போதோ முடிந்துவிட்டன. ஒரு வருடக் கெடுவை நீதிமன்றம் நீட்டலாம் என்று எழுதியிருந்தாலும், உங்கள் விஷயத்தில் நீட்டுவார்கள் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். 2,285 பவுணை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்து அம்மாவின் சினோபாம். உலக சுகாதார நிறுவனம் அதை 2021 மே 7ஆம் தேதியே அவசரகாலப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பிரித்தானியா அதைப் பயணிகளுக்கு ஏற்றது அந்த ஆண்டு நவம்பர் 22இல், சினோவாக், கோவாக்சின் இரண்டோடும் சேர்த்து. அம்மா வந்தது ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி. மறுக்கலாமா என்றால், சட்டப்படி மறுக்கலாம். அந்தப் பட்டியல் ஐ.நா. அமைப்புகள் ஊசி வாங்கவும், சொந்தமாக ஆராய வசதியில்லாத நாடுகள் நம்பி எடுக்கவும் உண்டாக்கியது. எல்லையில் எல்லாரும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

மஞ்சள் காய்ச்சலை எடுத்துப் பாருங்கள். அதற்கு விதிமுறையில் தனிப் பின்னிணைப்பே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த ஊசியைப் போட்டு, உரிய சான்றிதழ் கையில் இருந்தால் எந்த நாடும் ஏற்க வேண்டும். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். கோவிட் ஊசிக்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்யப்படவேயில்லை. அதனால்தான் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குப் பட்டியல் போட்டது. இங்கே ஒரே ஊசி மருந்து ஏற்கப்பட்டது, அதைப் போட்டதாகச் சொல்லும் சான்றிதழ் ஏற்கப்படவில்லை என்ற நிலைமைகூட வந்தது. 2021 செப்டம்பரில் கோவிஷீல்டை ஏற்கிறோம் என்ற பிரித்தானியா, இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை. அது ஆஸ்ட்ராசெனெக்காவின் மருந்து, புனேயில் தயாரித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தியா பதிலுக்கு அக்டோபர் 4 முதல், பிரித்தானியாவிலிருந்து வரும் பிரித்தானியப் பிரஜைகளைப் பத்து நாள் தனிமையில் இருக்கச் சொன்னது. ஒரே வாரத்தில், அக்டோபர் 11இல் லண்டன் இறங்கி வந்தது. டெல்லியும் தன் உத்தரவை விலக்கிக்கொண்டது. ஒரு பெரிய நாடு பதிலடி கொடுத்து வாங்கிய அங்கீகாரம் அது. சினோபாம் போட்ட யாழ்ப்பாணத்துத் தாய்க்காக அப்படிப் பேச ஆள் இல்லை. இதைச் சட்டப் புத்தகத்தில் நான் படிக்கவில்லை, கண்முன்னே பார்த்தேன்.

இனி அந்த 148 பவுணுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உயிரோடு இருக்கும் வழக்கு இதுதான். நீங்கள் அரசிடம் அல்ல, ஒரு தனியார் நிறுவனத்திடம் சேவை வாங்கினீர்கள். இரண்டு பரிசோதனைக்குப் பணம் வாங்கி ஒன்றைத் தராதது ஒப்பந்த மீறல். இங்கிலாந்தில் அதற்கு ஆறு வருடக் கெடு. எட்டாம் நாள் பொதி வந்திருக்க வேண்டிய 2021 அக்டோபர் கடைசியிலிருந்து எண்ணினால் 2027 அக்டோபர் வரை நேரம் இருக்கிறது.

அந்த நிறுவனம் இன்னும் இருக்கிறதா என்று கம்பெனிகள் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்த நேரத்தில் முளைத்த பரிசோதனைக் கம்பெனிகள் பல கடையை மூடிவிட்டன. உங்களுடையதும் மூடியிருந்தால் கவலைப்பட வேண்டாம். நீங்கள் கிரெடிட் கார்டில் கட்டியது நல்லதாகப் போயிற்று. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவின்படி, வாங்கியதன் விலை 100 பவுணுக்கு மேல், 30,000 பவுணுக்கு உட்பட்டதாக இருந்தால், விற்றவரின் மீறலுக்கு கார்டு தந்த வங்கியும் சேர்ந்து பொறுப்பு. இரண்டு பரிசோதனையையும் ஒரே பொதியாக 148க்கு வாங்கியதற்கான பில் இதற்கு முக்கியம். தனித்தனியே 74, 74 என்று விலை போட்டு விற்றிருந்தால் வங்கி மறுக்க இடம் உண்டு. டெபிட் கார்டாக இருந்திருந்தால் இந்தப் பிரிவே உங்களுக்கு உதவியிருக்காது.

இனி வரக்கூடிய நோயைப் பற்றிக் கேட்டீர்கள். பயணக் கட்டுப்பாடுகள் எல்லாம் 2022 மார்ச் 18இல் நீங்கின. ஆனால் 1984ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. அடுத்த பட்டியலை ஐந்து நாள் அறிவிப்பில் மறுபடி கொண்டுவரலாம். அப்படி வந்தால் விதியோடு மோதாதீர்கள், விதிவிலக்கைக் கேளுங்கள். அன்றைய ஒழுங்குவிதியிலேயே, மருத்துவ காரணம் காட்டி ஹோட்டலுக்குப் பதிலாக வீட்டில் தனிமையில் இருக்க விண்ணப்பிக்க வழி இருந்தது. நெருங்கிய உறவின் இறுதிச் சடங்குக்கு ஹோட்டலை விட்டு வெளியே போய்வர அனுமதி இருந்தது. அரச உதவித்தொகையில் வாழ்பவர்கள் கட்டணத்தை 12 மாதத் தவணையில் கட்டலாம் என்று இருந்தது. எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? சிவப்புப் பட்டியலில் இல்லாத ஒரு நாட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வருவதும் சட்டப்படி சரியே. இடையில் தங்கியதாகப் பொய் சொல்லிப் படிவம் நிரப்புவது குற்றம். அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தனிமைப்படுத்தலை மீறினால் 10,000 பவுண் வரை அபராதம் போட அன்றைக்கு அதிகாரம் இருந்தது.

விதிவிலக்கை விமானம் ஏறும் முன்பே, எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நிலைமையைக் கேட்காமலே, அல்லது கேட்டும் பார்க்காமலே மறுத்தார்கள் என்பதற்குக் கையில் காகிதம் இருந்தால் நீதிமன்றம் காது கொடுக்கும். நியூஸிலாந்தில் அப்படித்தான் நடந்தது. ஹோட்டல் தனிமைப்படுத்தல் தவறு என்று அங்கேயும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் அறைகளைக் குலுக்கல் போல ஒதுக்கி, தனிப்பட்டவர்களின் அவசரத்தையும் காத்திருந்த காலத்தையும் சரியாகப் பார்க்காமல் விட்டது, குடிமக்கள் தாய்நாட்டுக்குத் திரும்பும் உரிமையைச் சிலர் விஷயத்தில் மீறியது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படி ஒரு விஷயம் கையில் இருந்தால் மூன்று மாதம் முடியும் வரை பொறுக்காமல், ஹோட்டல் அறையிலிருந்தே சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பில், கார்டு அறிக்கை, அந்த ஐந்து ஈமெயில் எல்லாவற்றையும் சேர்த்து, 75ஆம் பிரிவின் கீழ் கேட்பதாகத் தெளிவாக எழுதி உங்கள் வங்கிக்கு அனுப்புங்கள். எட்டு வாரத்துக்குள் பதில் இல்லை என்றாலோ மறுத்தாலோ நிதிச் சேவை குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கியின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.