ஜின்னும் தேசிக்காயும்: ஒரு பழைய அப்பு சொல்வது

கொத்மலைப் பக்கத்துத் தோட்ட பங்களாக்களில் அப்புவாகக் காலம் தள்ளியவன் நான். ஹோட்டல் பாருக்கு வேலைக்குப் போகிற நம்ம தம்பிமாருக்கு இது.

1. கிம்லட் என்ற கலவையில் ஜின், தேசிக்காய், சீனி தவிர வேறொன்றும் இல்லை. கை பிசகினால் முதல் மிடறிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள்.

2. இது கப்பல்காரன் சரக்கு. முரசு வீங்கி இரத்தம் வடிகிற ஸ்கர்வி நோய்க்கு அன்று கப்பலில் தேசிச்சாறுதான் மருந்து. 1867இல் லோக்லன் ரோஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், மதுசாரம் கலக்காமல் சீனி போட்டே அந்தச் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். துரைமார் அலுமாரியில் ஜின் போத்தலுக்குப் பக்கத்தில் நின்ற கோடியல் என்ற இனிப்புத் தேசிச்சாறு அந்த வழி வந்ததுதான்.

3. கோடியலை நீங்களே போடுங்கள். தேசிக்காய் சில மாதம் தொட முடியாத விலைக்கு ஏறும். மலிவாக வரும்போது வாங்கிவிட வேண்டும். பச்சைத் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள், வெள்ளை ஒட்டினால் கசக்கும். காலையில் பிழியப்போகிற சாற்றின் எடைக்குச் சமமாகச் சீனி எடுத்து, தோலோடு பிசைந்து ஓர் இரவு மூடி வையுங்கள். தோலின் எண்ணெய் சீனியில் இறங்கிவிடும். காலையில் சாறு பிழிந்து ஊற்றி, சீனி கரைந்ததும் வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுப்பில் ஏற்றவே கூடாது. நான் ஒருமுறை அவசரத்துக்குக் கொதிக்க வைத்தேன். காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஷாயம் மாதிரி வந்தது.

4. 1930இல் வந்த சவோய் ஹோட்டல் புத்தகம் ஜின் பாதி, கோடியல் பாதி என்கிறது. எனக்கு அது மிட்டாய்த் தண்ணீர். 60 மில்லி ஜின்னுக்கு 30 மில்லி கோடியல் போதும். கண்ணை நம்பாமல் அளந்து ஊற்றுங்கள்.

5. நுவரெலியாக் குளிரில் நடுங்கி வருகிறவர் ஐஸ் வேண்டாம் என்பார். கிளாஸுக்குள் ஐஸ் போடாதீர்கள், சரி. ஆனால் ஐஸோடு குலுக்காமல் கொடுக்காதீர்கள். கரைகிற அந்தத் துளித் தண்ணீரும் சரக்கில் ஒரு பங்கு.

6. உள்ளூர் கொழும்பு ஜின்னில் கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை வாசம் உண்டு. அதற்குக் கோடியலைக் கொஞ்சம் குறையுங்கள்.

7. கிளாஸில் மிஞ்சியதை வாயில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். என்னோடு நின்ற இரண்டு பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். பிறகு சம்பள நாளில் அவர்கள் பெண்சாதிமார் பங்களா வாசலில் வந்து நின்றார்கள்.

8. இருபத்தொரு வயதாகாதவருக்கு ஊற்றக் கூடாது. போயா அன்று பார் பூட்டியிருக்கும். கோடியல் போட அதைவிடத் தோதான நாள் கிடையாது.