அந்தமான் பள்ளிகளும் போதைப்பொருள் பரிசோதனையும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சூழ்ந்த கடல், போதைப்பொருள் கடத்தலுக்கும் வழியாகிவிட்டது. 2019 செப்டம்பரில் கார் நிக்கோபார் அருகே மியான்மர் படகொன்றிலிருந்து சுமார் 1,160 கிலோ கேட்டமைனை இந்தியக் கடலோரக் காவற்படை கைப்பற்றியது. 2024 நவம்பரில் பேரன் தீவுக்கு அருகே பிடிபட்ட மற்றொரு மியான்மர் மீன்பிடிப் படகில் சுமார் 6,000 கிலோ மெத்தம்பெட்டமைன் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவே. இத்துணைப் பெரிய சரக்கு இச்சிறிய சந்தையை மட்டும் நம்பி வருவதன்று. எனினும், பாதையோரத்தில் பிள்ளை வளர்ப்போர் அஞ்சுவது இயல்பு. மாணவர் அனைவரையும் பரிசோதித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இவ்வச்சத்திலிருந்துதான்.

பரிசோதனையால் எதை அறிய முடியும் என்பதை முதலில் ஆராய வேண்டும். வழக்கமான முதற்கட்டச் சிறுநீர்ப் பரிசோதனை எளியது, விரைவானது, ஆனால் முடிவானதன்று. சில சளி, இருமல் மருந்துகளை உட்கொண்ட மாணவனுக்கும் அது போதைப்பொருள் இருப்பதாகக் காட்டக்கூடும். வாயு நிறப்பிரிகை, நிறைமாலையியல் முறைகளால் ஆய்வகத்தில் உறுதி செய்த பின்னரே முடிவு கூற இயலும். மேலும், மெத்தம்பெட்டமைன் சிறுநீரில் சில நாட்களே தங்கும். கஞ்சாவை மிகுதியாகப் பயன்படுத்துவோரிடம் அதன் தடயம் வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே, நேற்றுத் தொட்டவனையும் நெடுநாள் அடிமையானவனையும் இப்பரிசோதனை பிரித்துக் காட்டாது.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. மத்திய அரசு 2019 இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவரிடையே மிகுதியாகக் காணப்பட்ட ஒரே போதை, பசை, அழிப்பான் திரவம் போன்றவற்றை முகரும் பழக்கமே ஆகும். பெரியவரில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையோ இதைக் கண்டுபிடிப்பதில்லை!

அமெரிக்க அனுபவமும் கருதத்தக்கது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995 இல் விளையாட்டு வீரர்களான மாணவருக்கும், 2002 இல் பாடப்புறச் செயல்களில் ஈடுபடும் மாணவருக்கும் இச்சோதனையை அனுமதித்தது. ஆனால், 2003 இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒப்பிட்டபோது, சோதனை நடத்திய பள்ளிகளுக்கும் நடத்தாத பள்ளிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

நம் நாட்டில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியவை தேசியக் கணக்கெடுப்பு, செயல்திட்டம், பாடத்திட்டத்தில் போதை விழிப்புணர்வு ஆகியனவே. 2017 இல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றும் அது அறிவித்தது. சட்டத்தின் கடுமை விற்பவன் மீதே பாய்கிறது: சிறாருக்குப் போதைப்பொருள் கொடுப்போருக்கு 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது.

ஒருவரையொருவர் அறிந்த தீவுச் சமூகத்தில், பள்ளியில் கசியும் தவறான முடிவு மாலைக்குள் படகுத்துறை வரை சென்றுவிடும். எனவே பரிசோதனை தேவைப்படின், பெற்றோர் இசைவுடன், மருத்துவரின் பொறுப்பில், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அது நடைபெற வேண்டும்; முடிவு தலைமையாசிரியரின் கோப்புக்குச் செல்லலாகாது. வருகை குறைவதையும் நண்பர் குழு மாறுவதையும் கருவியின்றியே முதலில் காண்பவர் வகுப்பாசிரியர். அவருக்குப் பயிற்சியளிப்பதற்கும், மாணவர் தயக்கமின்றி அணுகக்கூடிய ஆலோசகரைப் பள்ளிதோறும் அமர்த்துவதற்கும் நிதியை முதலில் ஒதுக்குதல் நன்று. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.