துப்பாக்கி ஏந்திய கை, பியானோ வாசித்த கை

தேசிய தின அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். படைவீரர்கள் ஒரே சீராக நடந்து வருகிறார்கள். அத்தனை கால்களையும் ஒன்றாக எடுத்து வைக்கச் செய்வது எது? இராணுவ இசைக்குழுவின் முரசொலிதான். அந்தக் குழுவில் இருப்பவர்களும் சீருடை அணிந்தவர்களே. ஆனால், அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. டிரம்பெட், கிளாரினெட், முரசு ஆகியவை இருக்கின்றன. இதைப் பார்க்கும் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். போரிடும் வீரருக்கு நிகராக இசைக்கும் வீரரையும் எண்ண முடியுமா? துப்பாக்கியை வைத்துவிட்டு இசைக்கருவியை எடுப்பவர் கடமையிலிருந்து விலகுகிறாரா, அல்லது வேறொரு கடமையை ஏற்கிறாரா?

இக்கேள்விக்கு விடை தேட, இரண்டாம் உலகப் போரில் போர்முனையின் வாசல்வரை சென்று, இசைக்குழுவுக்கு மாற்றப்பட்ட ஓர் இளைஞரின் வரலாறு நமக்கு உதவும். அவர் பெயர் டேவ் ப்ரூபெக்.

படையில் இசையின் பணி

படைக்கும் இசைக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. பண்டைத் தமிழ் மன்னர்கள் முரசைத் தங்கள் வெற்றியின் அடையாளமாகப் போற்றினார்கள். பகைவரின் முரசைக் கைப்பற்றுவது பெரும் வெற்றியாகக் கருதப்பட்டது. வானொலிக் கருவிகள் இல்லாத காலத்தில் தளபதியின் குரல் படை முழுவதற்கும் எட்டாது. முன்னேறு, நில், பின்வாங்கு என்ற கட்டளைகளை முரசும் ஊதுகுழலும்தான் வீரர்களுக்கு அறிவித்தன. பிரிட்டிஷ் படையில் இசைக்குழுவினர், போர் மூண்டதும் கருவிகளை வைத்துவிட்டுக் காயமுற்றவர்களைத் தூக்குப் படுக்கையில் சுமந்து செல்வது வழக்கமாக இருந்தது.

இன்றும் பல நாடுகளில் இசைக்குழுவினரும் படைவீரருக்குரிய அடிப்படைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்க இராணுவத்தில் காலாட்படை வீரர் ஒருவர் இசைப் பிரிவுக்கு மாற விரும்பினால், விருப்பம் மட்டும் போதாது. தேர்வாளர்களின்முன் வாசித்துக் காட்டித் தம் திறனை மெய்ப்பிக்க வேண்டும். எனவே, அது எளிதான வேலையைத் தேடிச் செல்லும் வழி அன்று. வேறு வகையான தேர்ச்சியைக் கோரும் பணி.

பண்ணையில் வளர்ந்த சிறுவன்

டேவ் ப்ரூபெக் 1920ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். தாயார் பியானோ ஆசிரியர். தந்தையோ மாடு வளர்க்கும் பெரும் பண்ணையைக் கவனித்து வந்தவர். சிறுவன் டேவ் தாயிடம் பியானோ கற்றார். தந்தையுடன் குதிரையேறி மாடு மேய்த்தார். குதிரையின் குளம்பொலி ஒரு தாளத்தில் செல்லும். அதற்கு மாறான இன்னொரு தாளத்தை அவர் மனத்துக்குள் போட்டுப் பார்ப்பார். தண்ணீர் இறைக்கும் எந்திரத்தின் ஓசையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிற்காலத்தில் அவருடைய இசைக்குப் புகழ் சேர்த்த தாள நுட்பங்களுக்கு வித்திட்டவை இந்தப் பண்ணை ஓசைகளே.

அவருக்குப் பிறவியிலேயே கண்பார்வைக் குறை இருந்தது. அதனால் இசைக்குறிப்புகளைப் படிப்பது அவருக்குக் கடினமாயிற்று. கேட்டதை அப்படியே வாசிக்கும் ஆற்றலால் அந்தக் குறையை மறைத்துக்கொண்டார். கால்நடை மருத்துவராகித் தந்தைக்கு உதவ வேண்டும் என்று எண்ணியே கல்லூரியில் சேர்ந்தார். ஆயினும், அவர் மனம் இசைத்துறையில்தான் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட அறிவியல் பேராசிரியர், அங்கேயே செல்லுமாறு அறிவுறுத்தினார். இறுதியாண்டில் அவருக்கு இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாது என்பது வெளிப்பட்டபோது, பட்டமே கைநழுவிப் போகும் நிலை உண்டானது. யாருக்கும் பியானோ கற்றுத் தரமாட்டேன் என்று வாக்களித்த பிறகே அவருக்குப் பட்டம் கிடைத்தது.

"பியானோ வாசிக்கத் தெரிந்தவர் உண்டா?"

1942ஆம் ஆண்டு, கல்லூரியை முடித்த கையோடு ப்ரூபெக் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். முதலில் கலிஃபோர்னியாவில் இருந்த ஒரு முகாமின் இசைக்குழுவில் பணியாற்றினார். ஆனால், போர் தீவிரமடைந்தபோது காலாட்படைக்கு ஆள் தேவைப்பட்டது. இசைக்கலைஞர் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் கடற்கரையில் இறங்கிய சில மாதங்களுக்குப் பின் அவரும் ஐரோப்பா சென்றார். தளபதி ஜார்ஜ் பேட்டனின் மூன்றாம் படையில் அவர் ஒரு சாதாரணத் துப்பாக்கி வீரர். வயது 23.

போர்முனையில் இறந்தவர்களுக்கும் காயமுற்றவர்களுக்கும் பதிலாக அனுப்பப்படும் வீரர்கள் காத்திருக்கும் முகாம் ஒன்றில் அவர் தங்கியிருந்தார். அங்கிருந்து முன்னே சென்ற பலர் திரும்பி வரவில்லை. அடுத்த அழைப்பில் தம் பெயரும் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அப்போதுதான் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள், வீரர்களை மகிழ்விக்க ஒரு நிகழ்ச்சி நடத்த வந்தார்கள். வண்டியில் பியானோ இருந்தது. வாசிக்க ஆள் இல்லை. "பியானோ வாசிக்கத் தெரிந்தவர் உண்டா?" என்று கேட்டார்கள். ப்ரூபெக் முன்வந்தார்.

அவர் வாசித்ததைக் கேட்ட வீரர்கள் களைப்பை மறந்தார்கள். முகாமின் கர்னலும் அந்த இசையைக் கேட்டார். இந்த இளைஞரைப் போர்முனைக்கு அனுப்பக்கூடாது என்று முடிவு செய்தார். அத்துடன், ஓர் இசைக்குழுவை அமைக்கும் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார். ஒரே ஒரு நிகழ்ச்சி அவருடைய வாழ்க்கையின் திசையை மாற்றிவிட்டது.

குழுவை அமைத்த விதம்

இந்த மாற்றம் ப்ரூபெக்கின் உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், பிழைத்துக்கொண்டோம் என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. 'ஓநாய்க்கூட்டம்' என்று பொருள்படும் பெயரில் அமைந்த அந்தக் குழுவில், போரில் காயமுற்றுத் திரும்பிய வீரர்களும் இடம்பெற்றார்கள். குழுவினர் வண்டியில் பியானோவை ஏற்றிக்கொண்டு, வீரர்கள் இருக்கும் இடங்களைத் தேடிச் சென்று வாசித்தார்கள். கடும் குளிர்காலத்தில் நடந்த ஆர்டென் போரின்போது, அவர்கள் வழி தவறி ஜெர்மானியர் பகுதிக்குள்ளேயே சென்று, உயிர் தப்பி மீண்டதும் உண்டு. இசைக்குழு என்றாலும் ஆபத்து அவர்களை விட்டு முற்றிலும் விலகிவிடவில்லை.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் அமெரிக்க இராணுவத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனிப் பிரிவுகளில்தான் பணிபுரிந்தார்கள். உணவும் உறைவிடமும்கூடத் தனித்தனியே இருந்தன. இந்தப் பிரிவினைக்கு முடிவு கட்டும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தது 1948ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளில்தான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ப்ரூபெக்கின் குழுவில் கறுப்பின வீரர்களும் வெள்ளை வீரர்களும் ஒரே மேடையில் இசைத்தார்கள். அமெரிக்கப் படையில் இவ்வாறு இனம் கலந்து அமைந்த முதல் குழுக்களுள் இதுவும் ஒன்று.

ப்ரூபெக்கை இதற்குத் தூண்டியது எது? அவர் சிறுவனாக இருந்தபோது, தந்தை அவரைத் தம் கறுப்பின நண்பர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அந்த நண்பரின் மார்பில் ஒரு தழும்பு இருந்தது. அடையாளத்திற்காக மாடுகளுக்குச் சூடு வைப்பதுபோல் அந்த மனிதருக்கும் சூடு வைத்திருந்தார்கள். இத்தகைய கொடுமை இனி நடக்கக்கூடாது என்று தந்தை மகனிடம் கூறினார். முதிர்ந்த வயதில் இதை நினைவுகூர்ந்தபோதும் ப்ரூபெக் கண்கலங்கினார்.

போர் முடிந்து அமெரிக்கா திரும்பிய குழுவினர், டெக்சஸ் மாநிலத்தில் ஓர் உணவகத்திற்குச் சென்றார்கள். கறுப்பின வீரர்களுக்கு மற்றவர்களுடன் அமர்ந்து உண்ண அனுமதி மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் அழுதுவிட்டார். நாட்டுக்காக இவ்வளவு துன்பங்களைக் கடந்து வந்த பிறகும், திரும்பிய முதல் நாளிலேயே நண்பர்களோடு உண்ண முடியவில்லையே என்று அவர் வருந்தினார். அந்தக் காட்சி ப்ரூபெக்கின் மனத்தில் ஆழப் பதிந்தது.

போருக்குப் பின்

படைவீரர்களுக்கு அரசு வழங்கிய கல்வி உதவியைப் பெற்று, ப்ரூபெக் மீண்டும் இசை பயின்றார். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ அவருக்கு ஆசிரியராக அமைந்தார். ஜாஸ் இசையைக் கைவிடாதே என்று அவர் ஊக்கமளித்தார். 1951ஆம் ஆண்டு ப்ரூபெக் நால்வர் குழு ஒன்றைத் தொடங்கினார். அதில் சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மண்ட், 1944ஆம் ஆண்டு இராணுவத்தில் அறிமுகமான நண்பர்.

1958ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இக்குழுவைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை ஆகியவை அவற்றுள் சில. இந்தியாவில் அவர்கள் மதராசுக்கும் சென்றார்கள். ஒருகாலத்தில் துப்பாக்கியுடன் கடல் கடந்தவர், இம்முறை இசையுடன் கடல் கடந்தார்.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'டைம் அவுட்' என்ற இசைத்தொகுப்பு உலகப் புகழ் பெற்றது. அக்காலத்து ஜாஸ் இசை பெரும்பாலும் நான்கு தட்டுகளில் அமைந்தது. இத்தொகுப்பில் பால் டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' என்ற இசையோ ஐந்து தட்டுகளில் அமைந்தது. கர்நாடக இசை பயில்வோர் இதைக் கேட்டால் 'தகிட தக' என்று கையால் தாளம் போடலாம். நமக்குப் பழக்கமான கண்ட நடையின் எண்ணிக்கை அது. இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளத்தைக் கொண்டு ப்ரூபெக் அமைத்த இன்னோர் இசை, 'தக தக தக தகிட' என ஒன்பது தட்டுகளில் செல்கிறது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையான அத்தொகுப்பு, ஜாஸ் வரலாற்றில் ஒரு மைல்கல்.

புகழ் வந்த பிறகும் அவர் பழையதை மறக்கவில்லை. அவருடைய குழுவில் யூஜீன் ரைட் என்ற கறுப்பினக் கலைஞர் இருந்தார். 1960ஆம் ஆண்டு தென் மாநிலக் கல்லூரிகள் பல, அவருக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவரை மேடையேற்றினால்தான் நிகழ்ச்சியை நடத்த முடியும் என்றன. ப்ரூபெக் மறுத்துவிட்டார். அந்தப் பயணத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் ரத்தாயின. பெரும் வருமானம் போயிற்று. எனினும், அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் 2012ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், தம் 92ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு காலமானார்.

நாம் அறிவது என்ன?

ப்ரூபெக் துப்பாக்கியை வைத்துவிட்டு இசைக்குத் திரும்பியது அவருடைய நல்வாய்ப்பு. அந்த வாய்ப்பு முகாமிலிருந்த எல்லாருக்கும் கிடைக்கவில்லை. தகுதியில் அவருக்குக் குறையாத பலர் போர்முனையில் மாண்டார்கள். எனவே, அவர் காப்பாற்றப்பட்டது நியாயமா என்று கேட்டால், எளிதில் விடை சொல்ல முடியாது. ஆனால், கிடைத்த வாய்ப்பை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்றாக இருக்கிறது. போரால் களைத்தவர்களுக்கு இசையால் ஆறுதல் தந்தார். பிரிந்து நிற்கும்படி சட்டம் சொன்ன காலத்தில், சேர்ந்து இசைக்க ஒரு குழுவை அமைத்தார். அதே கொள்கைக்காகப் பின்னாளில் வருமானத்தையும் இழந்தார்.

ஒரு படைக்கு ஆயுதம் ஏந்துபவர் மட்டும் போதாது. காயத்திற்கு மருந்திடுபவர், உணவு சமைப்பவர், செய்தி அனுப்புபவர், மனம் தளராமல் காப்பவர் என எல்லாரும் வேண்டும். ஒருவர் செய்யும் பணி மாறலாம். அதை அவர் எத்தகைய பொறுப்புணர்வோடு செய்கிறார் என்பதே அப்பணிக்கு மதிப்பைத் தருகிறது.

சிந்தித்து விடை கூறுக

1. வானொலிக் கருவிகள் இல்லாத காலத்தில் போர்க்களத்தில் இசைக்கருவிகள் எவ்வாறு பயன்பட்டன?
2. பண்ணை வாழ்க்கை ப்ரூபெக்கின் இசைக்கு எவ்வாறு துணைபுரிந்தது?
3. ப்ரூபெக் அமைத்த இராணுவ இசைக்குழு அக்காலப் படைப்பிரிவுகளிலிருந்து எவ்வகையில் வேறுபட்டிருந்தது?
4. தந்தையிடமிருந்து கற்ற பாடத்தை ப்ரூபெக் தம் வாழ்வில் கடைப்பிடித்ததற்கு இரண்டு சான்றுகள் தருக.
5. "போர்க்காலத்தில் இசைப்பதும் நாட்டுப்பணியே." இக்கூற்றை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.