தவறு சொல்லிக் கொடுக்கும் பாடம்



நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். உயிர்வேதியியலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு நினைத்திருந்தேன், பிரான்சிஸ் ஆர்னால்டைப் பற்றிப் படிக்கும் வரை. அவரும் 1979-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயந்திர, விண்வெளிப் பொறியியல் படித்தவர்தான். பிறகு கலிபோர்னியாவில் உள்ள கால்டெக்கில் நொதிகளை ஆராய்ந்தார்.

நொதி என்றால் என்ன? உயிர்களில் நடக்கும் வேதிவினைகளை வேகப்படுத்துவது. பெரும்பாலான நொதிகள் புரதங்களே. புரதத்தை ஒரு பூச்சரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பூக்கள் 20 வகை; அவைதான் அமினோ அமிலங்கள். எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசையைப் பொறுத்துச் சரம் மடிகிறது. மடிந்த வடிவத்தைப் பொறுத்து அதன் வேலை அமைகிறது.

ஆர்னால்டு எடுத்துக்கொண்டது சப்டிலிசின் இ. புரதத்தை வெட்டும் நொதி. இதன் இனத்தைச் சேர்ந்தவை துணி துவைக்கும் சவர்க்காரத்தூளிலும் உண்டு. தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பான் அதிகமானால் படுத்துவிடும்.

இதைச் சரிசெய்ய எந்தப் பூவை மாற்றுவது? சரத்தில் 275 பூக்கள். எல்லா வரிசைகளையும் சோதிக்க முடியாது. அந்த எண்ணிக்கை, காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களைவிட அதிகம். ஆனால் ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றினால்? 275 × 19 = 5,225 வகைதான்!

அவர் செய்தது இதுதான். நொதிக்கான மரபணுவில் ஆங்காங்கே தவறுகள் விழச் செய்தார். அதைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, பால் புரதமும் கரைப்பானும் கலந்த தட்டில் வளர்த்தார். நொதி வேலை செய்த இடத்தில் தெளிவான வளையம் தெரியும். நல்ல வளையத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து மறுபடியும் தொடங்கினார். 1993-இல் வெளிவந்த முடிவின்படி, 60% கரைப்பானில் புதிய நொதி பழையதைவிட 256 மடங்கு திறமையாக வேலை செய்தது. இந்த வழிமுறைக்காக 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 2019-இல் அவர் குழு வெளியிட்ட ஒரு கட்டுரையின் முடிவுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது வரவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டில் முக்கியமான பதிவுகளும் இல்லை. 2020 ஜனவரி 2 அன்று, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவரே எல்லாருக்கும் அறிவித்து மன்னிப்பும் கேட்டார். நோபல் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை!

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. போன செமஸ்டர் ஆய்வக அறிக்கையில் ஒரு வெப்ப அளவு வரைபடக் கோட்டில் உட்காரவில்லை. நான் அதைக் கோட்டுக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டேன். யாருக்கும் தெரியாது.

மறுவாரம் விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னேன். மதிப்பெண் குறைந்தது. பிறகு இருவரும் கருவியைப் பார்த்தோம். வெப்பமானியின் கம்பி தளர்ந்திருந்தது. நான் அழித்த அந்தப் புள்ளி மட்டும்தான் அதைக் காட்டியிருக்கிறது.

ஆர்னால்டின் தட்டிலும் தவறுகள்தான் விழுந்தன. ஒவ்வொன்றையும் உள்ளபடியே பார்த்ததால்தான் நல்லது எது, கெட்டது எது என்று தெரிந்தது.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்:

1. ஒரே அமினோ அமிலம் மாறினால் நொதியின் வேலை ஏன் மாறுகிறது?
2. யாருக்கும் தெரியாத தவறை நீங்கள் எப்போதாவது ஒப்புக்கொண்டது உண்டா?