கேரியரில் பாரம் ஏற்றும்போது

காரின் கூரை எவ்வளவு தாங்கும் என்பதை வண்டியோடு வரும் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான கார்களில் இது 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். கேரியரின் எடையும் அதில் அடக்கம். 50 கிலோ வரம்புள்ள சிறிய காரில் 15 கிலோ இரும்புக் கேரியரைப் பூட்டினால் சாமானுக்கு மிஞ்சுவது 35 கிலோதான். கேரியருக்கென்று தனி வரம்பு இருந்தால், இரண்டில் குறைந்ததே கணக்கு.

அம்பாசிடர் போன்ற பழைய கார்களின் கூரையோரம் மழைநீர் வடிய ஒரு விளிம்பு உண்டு. கேரியரின் கால்கள் அதைக் கவ்விக்கொள்ளும். இன்றைய பெரும்பாலான கார்களில் அந்த விளிம்பு கிடையாது. இருபக்கமும் நீளும் கம்பிகளும் பல மாடல்களில் வெறும் அழகுக்காக ஒட்டப்பட்டவை. பாரம் தாங்கும் என்று கையேடு சொல்லாதவரை அவற்றில் கேரியரைப் பூட்டவே கூடாது.

எடை மேலே ஏற ஏற வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி வெளிப்பக்கம் சாய்வது நன்றாகவே தெரியும். ஆகவே அரிசி மூட்டை, புத்தகப் பெட்டி போன்ற கனமானவை டிக்கியில் பின்சீட்டை ஒட்டி இருக்கட்டும். கனமில்லாமல் இடத்தை அடைப்பவை மேலே போகட்டும். கனமான ஒன்றை மேலே ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் படுக்கவைத்து, கேரியரின் நடுவில் வைக்க வேண்டும்.

மேலே கட்டிய சாமான் ஒரு திசையில் மட்டும் நகரப் பார்ப்பதில்லை. சடாரென்று பிரேக் பிடித்தால் 50 கிலோ பாரம் ஏறக்குறைய 35 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் பாயும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும். காற்றோ அதை மேலே தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். இதில் ஏமாற்றுவது மெத்தைதான். கனமில்லை என்று குறுக்கே இரண்டு கட்டு மட்டும் போட்டால், நெடுஞ்சாலை வேகத்தில் அதன் முன்விளிம்புக்கு அடியில் காற்று புகுந்து, மெத்தை வளைந்து எழும்பி, கட்டிலிருந்து உருவிக்கொண்டு பின்னால் வரும் வண்டியின்மேல் விழும். குறுக்கே கட்டுவதோடு, முன்னும் பின்னும் நெடுக்காகவும் இழுத்துக் கட்ட வேண்டும்.

நைலான் கயிறு நனைந்தால் நீளும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவும். பாரத்துக்கு ராட்செட் பெல்ட்தான் சரி. பீரோவின் தகர விளிம்பு பெல்ட்டை அறுத்துவிடும் என்பதால் அந்த இடத்தில் சாக்குத் துண்டை மடித்து வைப்பது அவசியம். பெல்ட்டை ஒருமுறை முறுக்கிவிட்டால் காற்றில் அடித்துக்கொண்டு இரைவது நிற்கும். ஏணி, குழாய் போன்ற நீளமானவற்றின் முன்முனையை வண்டியை இழுக்க உதவும் முன்கொக்கியோடும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

புறப்பட்டு 10, 15 கிலோமீட்டரில் நிறுத்திக் கட்டுகளையெல்லாம் கையால் இழுத்துப் பார்ப்பது கட்டாயம். சாமான்கள் குலுங்கி அமர்ந்திருக்கும். இறுகியிருந்த கட்டு அதற்குள் தளர்ந்திருக்கும். கேரியரின் போல்ட்டுகளையும் அப்போதே முறுக்கிவிடலாம். வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும் என்பதால் முன்வண்டியிலிருந்து இடைவெளி விட்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். தரைக்கடியிலுள்ள பார்க்கிங்கிலும் ரயில்வே சுரங்கப்பாதையிலும் நுழையுமுன் சாமானோடு சேர்த்து வண்டியின் உயரம் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.